இரண்டாவது கட்டி எங்கிருந்து வந்தது? ஈரல் அழற்சி பி நோயாளி ஒருவரின் 31 மாதங்கள்

ஈரல் புற்றுநோய்க் கட்டியை வெட்டி அகற்றிய பின், ஐந்து ஆண்டுக்குள் அது மீண்டும் தோன்றும் வாய்ப்பு 50 முதல் 70 சதவீதம். வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்தவர்களையும் சேர்த்த கணக்கு இது. ஈரல் அழற்சி பி (ஹெப்படைட்டிஸ் பி) வைரஸ் உள்ளவர்களில் இந்த மீள்வருகைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு: ஒன்று அகற்றிய கட்டியிலிருந்து முன்பே சிந்திய உயிரணுக்கள், மற்றது வைரஸ் பல பத்தாண்டுகளாகப் பழுதாக்கி வைத்திருக்கும் மீதி ஈரல். கொழும்பில் இரண்டாவது ஊற்று எளிதில் கவனத்திலிருந்து நழுவும். இலங்கையில் ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் கொழுப்பு ஈரலாலும் மதுவாலும் வருகிறது. பி வைரஸால் வருவது குறைவு. ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பிந்திய கண்காணிப்பு கட்டியைப் பார்ப்பதற்கென்றே பழகிப்போயிருக்கிறது. வைரஸ் அளவைத் தனியாக ஒருவர் நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

கீழே வருவது தனி நபர் ஒருவரின் வரலாறு அல்ல. நோயாளர்களிடம் வழமையாகக் காணப்படுபவற்றைக் கோர்த்துக் கற்பித்தலுக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு.

நோயாளி

54 வயது ஆண். கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு வேலை. நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறார். 11 ஆண்டுக்கு முன் இரத்ததான முகாமொன்றில் கொடுத்த இரத்தத்தில் பி வைரஸின் மேற்பரப்பு அன்டிஜன் (தொற்று இருப்பதன் அடையாளம்) இருப்பது தெரிந்து, எழுத்து மூலம் அறிவிக்கப்பட்டது. அப்போது செய்த ஏ.எல்.டி. (ஈரல் பழுதானால் இரத்தத்தில் ஏறும் நொதியம்) சாதாரணம். "வைரஸ் இருக்கிறது, ஆனால் ஈரலுக்கு ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு விஷயம் முடிந்தது. அதன் பின் 11 ஆண்டில் ஒருமுறைகூட வைரஸ் அளவு பார்க்கப்படவில்லை, ஈரல் ஸ்கான் செய்யப்படவில்லை. மூத்த அண்ணன் 49 வயதில் வயிற்றில் நீர் கோர்த்து இறந்தவர். பி வைரஸ் பிறப்பின்போது தாயிடமிருந்து பிள்ளைகளுக்குத் தொற்றும் என்பதால், சகோதரர் எவருக்கேனும் ஈரல் நோய் இருந்ததா என்பது முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி.

வலது விலாவுக்குக் கீழ் பாரமாக இருக்கிறது என்று வந்தவருக்கு அல்ட்ராசவுண்டில் ஈரலின் எட்டுப் பிரிவுகளில் ஆறாம் பிரிவில் ஒரு கட்டி தெரிந்தது. மூன்று கட்ட சீ.ரி. ஸ்கானில் 4.6 செ.மீ. தமனிக் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து, பிந்திய கட்டங்களில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கியது. ஈரல் சிதைவு (சிரோசிஸ்) உள்ளவரிடமோ நாட்பட்ட பி வைரஸ் உள்ளவரிடமோ இந்தத் தோற்றம் இருந்தால், ஊசி போட்டுத் திசு எடுக்காமலே ஈரல் உயிரணுப் புற்றுநோய் என்று முடிவு செய்யலாம்.

அன்றைய இரத்த முடிவுகள்: அல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் (ஈரல் புற்றுக் கட்டி சுரக்கக்கூடிய புரதம்) 612 நானோகிராம், வைரஸ் அளவு 86,000 சர்வதேச அலகு (இரண்டும் மில்லிலீற்றருக்கு), இ அன்டிஜன் இல்லை. ஏ.எல்.டி. 58, பிலிரூபின் 0.9 மி.கி., அல்புமின் 3.9 கிராம், குருதிச் சிறுதட்டுகள் 138,000. சி வைரஸ், டி வைரஸ், எச்.ஐ.வி. எதுவும் இல்லை. உணவுக்குழாயில் நாளப் புடைப்பு இல்லை.

ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளக்கும் சைல்ட்-பியூ கணக்கில் இவர் ஏ வகுப்பு, 5 புள்ளி. அதாவது மிக நல்ல நிலை. அதே எண்களில் அல்புமினையும் பிலிரூபினையும் மட்டும் வைத்துப் போடும் அல்பி கணக்கில் போட்டால் படம் சற்று மாறும். பிலிரூபினை மைக்ரோமோலுக்கு மாற்ற 17.1 ஆல் பெருக்க வேண்டும்: 15.4. அல்புமின் லீற்றருக்கு 39 கிராம். பிலிரூபினின் மடக்கையை 0.66 ஆல் பெருக்கி, அல்புமினை 0.085 ஆல் பெருக்கி வருவதைக் கழித்தால் கழித்தல் 2.53. முதல் தரத்துக்கு கழித்தல் 2.60 அல்லது அதற்குக் கீழே வேண்டும். எனவே இவர் இரண்டாம் தரம். கொழும்பு ஆய்வுகூடங்கள் சில மி.கி. அலகிலும் சில மைக்ரோமோலிலும் அறிக்கை தருகின்றன. மாற்றாமல் போட்டால் நோயாளி திடீரென்று "தேறிவிடுவார்". இந்தத் தவறு நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

வெட்டியதும் வெட்டாமல் மிஞ்சியதும்

வைரஸ் எதிர்ப்புக் குளிசையான என்டெகாவிர் 0.5 மி.கி. அன்றே தொடங்கப்பட்டது. வைரஸ் அளவு இறங்கட்டும் என்று சத்திரசிகிச்சையைத் தள்ளிப் போடவில்லை, போடவும் கூடாது. மருந்து முன்கூட்டித் தொடங்குவதன் நோக்கம், வெட்டின் அதிர்ச்சியில் வைரஸ் கிளர்ந்து மிஞ்சிய ஈரலைத் தாக்காமல் தடுப்பது.

ஆறாம் பிரிவு முழுவதும், அதற்குரிய வாயில் நாளக் (குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாளம்) கிளையோடு சேர்த்து அகற்றப்பட்டது. கட்டியை மட்டும் சுரண்டி எடுப்பதைவிட இந்த முறை நல்லது; புற்று உயிரணு ஈரலுக்குள் பரவுவது பெரும்பாலும் வாயில் நாளக் கிளை வழியாகத்தான். 15 நிமிடம் இரத்த வரவை அடைத்து 5 நிமிடம் விடும் முறையில் மூன்று சுற்று. இரத்த இழப்பு 350 மி.லீ. மிஞ்சிய ஈரல் 78 சதவீதம். சிதைந்த ஈரலில் குறைந்தது 40 வேண்டும். ஐந்தாம் நாள் பிலிரூபின் 50 மைக்ரோமோலைத் தாண்டவில்லை, புரோத்துரொம்பின் 50 சதவீதத்துக்குக் கீழ் இறங்கவில்லை. எட்டாம் நாள் வீடு திரும்பினார்.

திசு அறிக்கையில் மூன்று வரிகள்தான் எதிர்காலத்தைச் சொல்பவை. விளிம்பு 11 மி.மீ. சுத்தம். நுண்குழாய் ஊடுருவல் (புற்று உயிரணுக்கள் சிறு இரத்தக் குழாய்களுக்குள் புகுந்திருப்பது) உண்டு: கட்டிக்கு 1 செ.மீ. சுற்றளவுக்குள் மூன்று குழாய்களில். கட்டி இல்லாத பகுதியில் 0 முதல் 6 வரை போகும் இஷாக் அளவில் 5ஆம் நிலை நார்மை (தழும்பு), அதாவது சிதைவின் வாசல்.

நுண்குழாய் ஊடுருவல் எந்த ஸ்கானிலும் தெரியாது. வெட்டிய பின்தான் தெரியவரும். முதல் இரண்டு ஆண்டு மீள்வருகையை முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களில் இதுவே வலுவானது. 5 செ.மீ. தாண்டிய கட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி, துணைக் கட்டிகள், உயர்ந்த அல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் எல்லாம் அதே வரிசையில் வருபவை. மூன்றாவது வரியான நார்மையும், 2,000 சர்வதேச அலகுக்கு மேற்பட்ட வைரஸ் அளவும் பேசுவது இரண்டு ஆண்டுக்குப் பின் வரக்கூடியதைப் பற்றி. பழைய அறிக்கைகளில் வைரஸ் அளவு பிரதி எண்ணிக்கையில் இருக்கும். ஒரு சர்வதேச அலகு ஏறத்தாழ 5 பிரதி, ஆகவே 2,000 அலகு என்பது 10,000 பிரதி. ஒப்பிடும்போது அலகைப் பார்க்காவிட்டால் வைரஸ் ஐந்து மடங்கு ஏறிவிட்டதாகப் பதற வேண்டிவரும்.

நுண்குழாய் ஊடுருவலைக் கண்டதும் குடும்பம் கேட்டது, "மேலதிகமாக ஏதாவது மருந்து ஏற்ற முடியாதா டொக்டர்?" நியாயமான கேள்வி. சொராஃபெனிப் குளிசையை இப்படிக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2015இல் வெளிவந்தது, பலனில்லை. அடெசொலிசுமாப், பெவாசிசுமாப் இரண்டையும் சேர்த்து ஓராண்டு ஏற்றிய ஆய்வு 2023இல் முதலில் நம்பிக்கை தந்தது. இவரைப் போன்ற நுண்குழாய் ஊடுருவல் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். மேலும் காலம் கடந்து பார்த்தபோது அந்த நன்மை நிலைக்கவில்லை. ஆகவே கொடுக்கப்படவில்லை. கடன்பட்டு வெளியில் ஏற்றுவதற்கும் இது தகுந்த காரணமில்லை.

பலன் காட்டியிருப்பது மலிவான பொருள்தான்: வைரஸ் எதிர்ப்புக் குளிசை. தாய்வானின் தேசிய காப்புறுதித் தரவைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பின் இக்குளிசை எடுத்தவர்களில் ஆறு ஆண்டு மீள்வருகை 45.6 சதவீதம், எடுக்காதவர்களில் 54.6. குறைகிறது, இல்லாமல் போவதில்லை. காரணம் விளங்கக்கூடியது. என்டெகாவிரும் டெனோஃபோவிரும் வைரஸ் புதிதாகப் பெருகுவதைத்தான் நிறுத்துகின்றன. உயிரணுவின் கருவுக்குள் வட்டமாக மூடிக் கிடக்கும் வைரஸ் டி.என்.ஏ.யையோ, மனித மரபணுவுக்குள்ளேயே செருகிக்கொண்ட துண்டுகளையோ அவை தொடுவதில்லை.

முதல் 14 மாதம்

அல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனின் அரை ஆயுள் 5 முதல் 7 நாள். 612இல் தொடங்கினால் ஆறு வாரத்தில் அது ஆறு முதல் எட்டு முறை பாதியாகி 10க்குக் கீழ் வர வேண்டும். இவருக்கு 8 வந்தது. 60இல் நின்றிருந்தால் எங்கோ கட்டி மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் மாத ஸ்கான்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு சீ.ரி., கூடவே அல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். எல்லாம் சுத்தம். வைரஸ் அளவு மூன்றாம் மாதம் 340. ஆறாம் மாதமும் முழுதாக மறையாமல் 60இல் நின்றது. விசாரித்தால், குளிசையை இரவுச் சோற்றோடு விழுங்கியிருக்கிறார். என்டெகாவிரை உணவோடு எடுத்தால் இரத்தத்தில் ஏறும் உச்ச அளவு 44 சதவீதத்துக்கு மேல் விழும், மொத்த உறிஞ்சல் ஐந்தில் ஒரு பங்கு குறையும். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். கடை மூடி இரவு ஒன்பதரைக்குச் சாப்பிடும் மனிதருக்குப் "படுக்கும்போது எடுங்கள்" என்பது பொருந்தாத அறிவுரை. காலை ஐந்து மணிக்குத் தண்ணீரோடு குளிசை, ஏழு மணி கழித்துச் சாப்பாடு என்று மாற்றியதும் ஒன்பதாம் மாதம் வைரஸ் கண்டறியும் அளவுக்குக் கீழே போனது.

15ஆம் மாதம்

இவரிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருந்தன. ஒன்று சத்திரசிகிச்சைக்கு, மற்றது நீரிழிவுக்கு. நீரிழிவுக் கொப்பி நிறைந்து புதியது எழுதப்பட்டபோது மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கினார்கள். அதில் என்டெகாவிர் விடுபட்டது. சத்திரசிகிச்சைப் பக்கத்தில் கட்டி இல்லை என்ற மகிழ்ச்சியில் ஸ்கான் மட்டும் பார்க்கப்பட்டது. வைரஸ் குளிசை யாருடைய பொறுப்பு என்று எங்கும் எழுதப்படவில்லை. "கட்டியை எடுத்தாச்சுதானே, அந்தக் குளிசை முடிஞ்சுது எண்டு நினைச்சன்" என்பது அவர் தரப்பு. அவரைக் குறை சொல்ல இடமில்லை. வாழ்நாள் முழுவதும் என்ற சொல்லை அவரிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, 19ஆம் மாதம், களைப்பு, கண்ணில் இலேசான மஞ்சள். வீட்டில் செங்கண்மாரி என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். (1988இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று கீழாநெல்லி பி வைரஸை அகற்றுவதாகக் காட்டியது, பிற இடங்களில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது.) வைரஸ் அளவு 310,000, ஏ.எல்.டி. 186, பிலிரூபின் 1.6 மி.கி., அல்புமின் 3.4 கிராம். அல்பி கழித்தல் 1.94.

என்டெகாவிரையே திரும்பத் தொடங்கினார்கள். பழைய வைரஸ் எதிர்ப்பு மருந்தான லமிவுடின் ஒருபோதும் எடுக்காதவர் என்பதால் எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாத்திரையை மாற்றி டெனோஃபோவிர் டைசொப்ரொக்சில் 300 மி.கி. கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. நீரிழிவோடு சிறுநீரக வடிகட்டல் 58இல் நிற்பவருக்கு அது சரியான தேர்வல்ல. அதிலும் முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று கைவிடலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் டெனோஃபோவிர் அலஃபெனமைட் 25 மி.கி. பாதுகாப்பானது. ஏ.எல்.டி. மூன்று மாதத்தில் இறங்கியது. அல்புமின் முழுதாக மீளவில்லை.

31ஆம் மாதம்

இரண்டு ஆண்டு கடந்ததும் சீ.ரி.க்குப் பதிலாக அல்ட்ராசவுண்ட் போதும் என்று முடிவானது. 25ஆம் மாத அல்ட்ராசவுண்ட் அறிக்கையின் முடிவு வரி "கட்டி இல்லை". அதற்கு மேலே ஒரு வரி: கொழுப்பும் குடல் வாயுவும் காரணமாக வலது மேற்பகுதி சரியாகத் தெரியவில்லை. இந்த இரண்டாவது வரி இருக்கும்போது முதல் வரிக்கு மதிப்பில்லை. அப்படி அறிக்கை வந்தால் அடுத்த ஆறு மாதம் காத்திருக்காமல் சீ.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டும்.

31ஆம் மாத எம்.ஆர்.ஐ.யில் எட்டாம் பிரிவில், உதரவிதானத்துக்கு நேர் கீழே, 1.7 செ.மீ. கட்டி. அதே ஒளிர்வு, அதே மங்கல். அல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் 6.

குளிசை விட்ட நான்கு மாதம்தான் இதற்குக் காரணம் என்று எல்லோரும் உடனே சொன்னார்கள். நோயாளியும் தன்னையே நொந்துகொண்டார். கணக்குப் போட்டால் அந்தத் தீர்ப்பு நிற்காது. ஸ்கானில் பிடிபடாத 5 மி.மீ. புள்ளி 17 மி.மீ. ஆக வேண்டுமானால் விட்டம் 3.4 மடங்கு, கன அளவு ஏறத்தாழ 39 மடங்கு. அதாவது ஐந்துக்குச் சற்று மேற்பட்ட இரட்டிப்புகள். ஈரல் புற்றுக் கட்டி இரட்டிப்பாக வழமையாக 4 முதல் 6 மாதம் எடுக்கும். ஆகவே 21 முதல் 32 மாதம். பின்னோக்கி எண்ணினால் அந்த 5 மி.மீ. புள்ளி சத்திரசிகிச்சையின் சமயத்திலிருந்து 10ஆம் மாதத்துக்குள் எப்போதோ இருந்திருக்க வேண்டும். குளிசை நின்றது 15ஆம் மாதம். கட்டிகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, அழற்சி வளர்ச்சியை விரைவுபடுத்தியிருக்கலாம் என்பதை ஒத்துக்கொண்டாலும், விதை முன்பே விழுந்துவிட்டது.

அப்படியானால் அது பழைய கட்டியின் சிதறலா, புதிய கட்டியா? முதல் கட்டி வாயில் நாளத்தின் வலது பின் கிளையின் எல்லையில் இருந்தது, இது வலது முன் கிளையில். முதல் கட்டி அல்ஃபா ஃபீட்டோபுரோட்டீனை அள்ளிச் சுரந்தது, இது சுரக்கவில்லை. இந்த இரண்டு அடையாளங்களும் புதிய கட்டி என்ற பக்கம் சாய்கின்றன. உறுதியாகச் சொல்ல இரு கட்டிகளிலும் வைரஸ் துண்டு மனித மரபணுவில் செருகியிருக்கும் இடங்களை ஒப்பிட வேண்டும். ஒரே இடமென்றால் ஒரே குடும்பம். அது ஆராய்ச்சிக்கூடத்து வேலை, கிளினிக்கில் கேட்க முடியாது. இரண்டு ஆண்டு என்ற கோடு கூட்டத்தின் சராசரிக்குப் போட்ட கோடு. தனி மனிதரின் ஈரலுக்குள் அப்படியொரு கோடு இல்லை. நுண்குழாய் ஊடுருவலைக் கண்டு முதல் 24 மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தவர்கள், 5ஆம் நிலை நார்மை என்ற வரிக்கும் அதே மரியாதை கொடுத்திருந்தால் 25ஆம் மாதம் பிடியைத் தளர்த்தியிருக்க மாட்டார்கள். கட்டி அப்போது ஏறத்தாழ 1.2 முதல் 1.35 செ.மீ. இருந்திருக்கும்.

குளிசை நின்றதன் உண்மையான விலை வேறிடத்தில் தெரிந்தது. 31ஆம் மாதம் அல்புமின் 3.7, பிலிரூபின் 1.1, அல்பி கழித்தல் 2.30, சிறுதட்டுகள் 104,000. முதல் சத்திரசிகிச்சையின்போது இருந்த கையிருப்பு இப்போது இல்லை. எட்டாம் பிரிவை வெட்டுவது கடினமான வேலை. இந்த எண்களோடு அதற்கு இறங்க எவரும் விரும்பவில்லை.

செய்தது

2 செ.மீ.க்கு உட்பட்ட ஒற்றைக் கட்டியைத் தோல் வழியாக ஊசி செலுத்திச் சுட்டு அழிப்பது வெட்டுக்கு நிகரான தேர்வு. சுற்றிலும் குறைந்தது 5 மி.மீ. நல்ல திசுவும் சேர்ந்து எரிய வேண்டும், ஆகவே 1.7 செ.மீ. கட்டிக்கு எரிந்த பகுதி 2.7 செ.மீ.க்குக் குறையக்கூடாது. சிக்கல் உதரவிதானம். ஒட்டினாற்போல் சுட்டால் அது துளைபடலாம், தோள்பட்டை வலி மாதக்கணக்கில் நிற்கும். எனவே ஈரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலை ஏற்றி இடைவெளி உண்டாக்கினார்கள். ரேடியோ அலைக் கருவி என்றால் சேலைன் ஏற்றக்கூடாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் கரைசல் அல்ட்ராசவுண்டில் மறைந்திருந்த மேற்பகுதியையும் தெளிவாகக் காட்டியது.

ஒரு மாத சீ.ரி.யில் எரிந்த பகுதி 3.1 செ.மீ., உள்ளே ஒளிர்வு இல்லை. ஈரல் மாற்றுச் சிகிச்சை பற்றியும் பேசப்பட்டது. மிலான் வரம்புக்குள் (ஒற்றைக் கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்றுக்கு மேற்படாமல் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள்) இருக்கும்வரை அந்தக் கதவு திறந்திருக்கிறது. கட்டியோடு பழுதான ஈரலையும் சேர்த்து அகற்றும் சிகிச்சை அது ஒன்றுதான். கொடையாளர் கிடைப்பது வேறு விஷயம். அடுத்த மீள்வருகையின்போது தேடத் தொடங்கினால் காலம் போதாது என்பதால் பெயர் இப்போதே ராகமையிலுள்ள ஈரல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது.

இரண்டு கொப்பிகளும் ஒன்றாக்கப்பட்டன. முன்னட்டையின் உட்புறத்தில் சிவப்பு மையில்: என்டெகாவிர் 0.5 மி.கி., காலை 5 மணி, வெறும் வயிறு, வாழ்நாள் முழுவதும், நிறுத்தக்கூடாது. வைரஸ் அளவு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சீ.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடிவுத் திகதி இல்லை. வலிக்கு பனடோல் மட்டும், நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் இல்லை. சாராயம் இல்லை.

குடும்பம்

11 ஆண்டுக்கு முன் செய்திருக்க வேண்டியது இப்போது நடந்தது. மனைவிக்கு முன்பே தொற்றி ஆறிய அடையாளம் இருந்தது, தடுப்பூசி தேவையில்லை. பிள்ளைகள் 1998இலும் 2001இலும் பிறந்தவர்கள். இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பி வைரஸ் ஊசி 2003இல்தான் சேர்ந்தது. ஆகவே இருவருக்கும் போடப்படவில்லை. தொற்றும் இல்லை. 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி, கடைசி ஊசிக்கு ஒன்று முதல் இரண்டு மாதம் கழித்துப் பிறபொருளெதிரி 10 அலகுக்கு மேல் வந்ததா என்ற சோதனை.

தெஹிவளையில் இருக்கும் 58 வயதுத் தமக்கைக்கு மேற்பரப்பு அன்டிஜன் இருந்தது. வைரஸ் அளவு 4,100, ஏ.எல்.டி. 44, அல்ட்ராசவுண்டில் ஈரல் கரடுமுரடு, கட்டி இல்லை, எல்லாப் பகுதியும் தெளிவாகத் தெரிந்தது. அன்றே குளிசை தொடங்கப்பட்டது. அடுத்த ஸ்கானுக்கான திகதி ஆறு மாதம் தள்ளிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.